ஒருமுறை அழுத்தினால் இருமுறை: சிறிய மவுஸுடன் இரண்டரை ஆண்டுகள்

சென்ற வாரம் சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் ஒன்றில் 150 ரூபாய் கொடுத்து, என் மவுஸின் இடது பொத்தானுக்கு அடியில் இருக்கும் சுவிட்சை மாற்றிக்கொண்டு அலுவலகம் திரும்பினேன். எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஆர்டிகிள் (சி.ஏ. படிப்புக்கான வேலைப்பயிற்சி) பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி அதைப் பார்த்துவிட்டு, "சார், நானும் லேப்டாப் வாங்கிட்டேன். உங்களுது மாதிரியே சின்னதா ஒரு மவுஸ் வாங்கலாமா?" என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளாக நாள்தோறும் கையில் இருக்கும் பொருளைப் பற்றி வாங்கலாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன்.

தணிக்கை வேலையில் மாதத்தின் பாதி நாள்கள் வாடிக்கையாளர்களின் இடத்தில்தான் கழிகின்றன. சவுகார்பேட்டையின் மொத்தக் கடைகளிலும் செங்குன்றத்து அரிசி ஆலைகளிலும் எனக்கென்று ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் முதலாளியின் மேசையில் ஒரு மூலைதான். அந்த மேசைகளில் கனத்த கண்ணாடி போட்டு, அதற்கடியில் சாமி படங்களையும் விசிட்டிங் கார்டுகளையும் வரிசையாகச் செருகியிருப்பார்கள். மவுஸின் அடியில் உள்ள உணரி, தான் நகரும் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே தன் நகர்வைக் கணக்கிடுகிறது. தெளிந்த கண்ணாடியில் அதன் கண்ணுக்குப் பிடிபட எதுவும் இல்லாததால் அம்புக்குறி தத்தளிக்கும். இதற்கு நான் கண்டுபிடித்த தீர்வு, தாள்கள் எல்லாம் கிழிக்கப்பட்டுத் தீர்ந்துபோன தினசரி நாள்காட்டியின் அட்டை. எந்தக் கடையிலும் போன வருடத்து அட்டை ஒன்று ஏதேனும் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் சொரசொரப்பான நல்ல பரப்பு கிடைத்துவிடும். இந்தக் குறை எல்லாச் சாதாரண மவுஸ்களுக்கும் பொதுவானது என்பதால் இதை என் மவுஸின் கணக்கில் நான் எழுதவில்லை.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீளம் 10 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். உள்ளங்கை அதன் மேல் படியாது, விரல் நுனிகளால்தான் ஓட்ட வேண்டும். முதல் பத்து நாள்கள் சுண்டுவிரல் வலித்தது, பிறகு பழகிவிட்டது. ஒரேயொரு டபுள் ஏ பேட்டரி எனக்கு 14 மாதங்கள் வந்தது.

உண்மையான வசதி அது புளூடூத்தில் இயங்குவதுதான். என் மடிக்கணினியில் இருப்பவை இரண்டே யுஎஸ்பி துளைகள். ஒன்றில் டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன் என்ற சிறு யுஎஸ்பி கருவி இருக்கும், மற்றொன்றில் வாடிக்கையாளர் கொடுக்கும் டாலி (கணக்கு மென்பொருள்) பேக்கப் அடங்கிய பென் டிரைவ் இருக்கும். முன்பு வைத்திருந்த மவுஸுக்கு விரல் நகம் அளவே உள்ள ஒரு ரிசீவர் உண்டு. ஒவ்வொரு முறையும் எதைப் பிடுங்கி எதைச் செருகுவது என்று தடுமாறுவேன். அதுவும் போதாதென்று, பென் டிரைவிலிருந்து கோப்புகள் நகலாகும் நேரத்தில் அம்புக்குறி விட்டுவிட்டு நகரும். மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் இயங்கும்போது எழும் மின்னிரைச்சல், கம்பியில்லா மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கலந்து தொல்லை தரும் என்று இன்டெல் நிறுவனம் 2012இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருந்ததைப் பின்னால்தான் படித்தேன். ரிசீவர் இல்லாத மவுஸுக்கு மாறியபின் துளைக்கான போட்டியும் போயிற்று, அந்தத் திக்கலும் போயிற்று. சிறிது நேரம் சும்மா விட்டால் தூங்கிவிடும், எழுப்ப ஒரு நொடி பிடிக்கும்; அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது இடது பொத்தான். இரண்டாம் ஆண்டு முடிந்த சில வாரங்களில், ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக அது கணினிக்குச் சொல்லத் தொடங்கியது. முதலில் நாளுக்கு ஒருமுறை நேர்ந்ததால் என் விரல்தான் நடுங்குகிறதோ என்று சந்தேகப்பட்டேன். வயதும் அப்படித்தான் ஆகிறது. பிறகு அது மணிக்கு ஒருமுறையாகி, கடைசியில் நான்கு அழுத்தலுக்கு ஒருமுறை என்று வந்து நின்றது. இதைக் கேட்பவர்கள், ஒன்றுக்கு இரண்டாக அழுந்தினால் என்ன குடிமுழுகிவிடும் என்பார்கள். நாலாயிரம் வரிகள் உள்ள சரக்கிருப்புப் பட்டியலை எக்செல்லில் திறந்துவைத்து, ஒரு கட்டத்தின் ஓரத்தில் இருமுறை அழுத்திப் பார்க்கட்டும்: பட்டியலின் கடைசி வரிக்கு அது தாவிவிடும், சரிபார்த்துக்கொண்டிருந்த வரியை மறுபடி தேட வேண்டும். உலாவியில் ஒரு டேப்பை மூடினால், பக்கத்து டேப் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்து அதுவும் மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்டது ஒருமுறை நான் பாதி நிரப்பி வைத்திருந்த ஜிஎஸ்டி படிவம். அன்று மாதத்தின் 20ஆம் தேதி, அதைத் தாக்கல் செய்யக் கடைசி நாள், மாலை ஆறு மணி. கோப்பை இழுத்துச் செல்லும்போது நடுவழியில் பிடி நழுவி, அது வழியில் இருந்த வேறொரு வாடிக்கையாளரின் கோப்புறையில் விழுந்ததும் உண்டு. அதைத் தேடி எடுக்க அரைநாள் ஆனது.

இந்தக் கோளாறு ஏன் வருகிறது என்பதை ரிச்சி தெருவில் பழுது பார்த்தவர் காட்டினார். மவுஸின் அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் பட்டையை நகத்தால் நெம்பி எடுத்ததும் அதன்கீழ் ஒளிந்திருந்த திருகுகள் தெரிந்தன. உள்ளே சின்னஞ்சிறு கறுப்புப் பெட்டி ஒன்று மூன்று கால்களால் பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தது, அதுதான் சுவிட்சு. பழையதை எடுத்து மூடியைப் பிளந்து, உள்ளே இருந்த செப்புத் தகட்டை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். தகட்டின் நுனியில் கருமை படிந்திருந்தது. நல்ல சுவிட்சிலும் அந்தத் தகடு ஒவ்வோர் அழுத்தலிலும் சில மில்லிநொடிகள் துள்ளத்தான் செய்யும். அந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாதபடிதான் மவுஸின் சில்லு அமைக்கப்பட்டிருக்கிறது. தகடு தளர்ந்தோ நுனி கறுத்தோ போனால் துள்ளல் நீண்டு, சில்லு அதை இரண்டாவது அழுத்தலாக எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் இயல்பாகவே அரை நொடிக்குள் வரும் இரண்டு அழுத்தல்களை ஒரு ஜோடியாகக் கொள்வதால், கதை முடிந்தது. அமைப்புகளில் அந்த வேகத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

கணக்குப் போடாமல் என்னால் கோபப்பட முடியாது. இவ்வகை சுவிட்சுகளுக்கு 1 கோடி அழுத்தல், 2 கோடி அழுத்தல் என்று ஆயுள் குறிப்பிடுவது வழக்கம். நாளுக்கு 3,000 முறை, ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று தாராளமாகவே வைத்தாலும் ஆண்டுக்கு 9 லட்சம்தான் ஆகிறது. நான் பழுதுக்குக் கொடுத்த நாள் வரை 21 லட்சம். ஒரு கோடியில் கால்பங்கைக்கூடத் தொடவில்லை.

உத்தரவாதம் மூன்றாண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது, ஆகவே நியாயமாக இதை இலவசமாகவே மாற்றியிருக்கலாம். பில்லை எடுத்துப் பார்த்தேன். வெப்பத்தால் அச்சாகும் காகிதத்தில் கொடுத்த அந்த பில், கோப்புக்குள் இருந்தபடியே வெளுத்து, கடையின் பெயர்கூடத் தெரியாத வெள்ளைத் தாளாகியிருந்தது. இத்தகைய பில்களை வாங்கிய அன்றே நகலெடுத்து வையுங்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஆண்டுதோறும் எழுத்தில் கொடுப்பவன் நான். இந்த இடத்தில் நிறுவனத்தின் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோபம் குறையவில்லை.

மாற்றிப் போட்ட சுவிட்சு சரியாக வேலை செய்கிறது, ஆனால் ஒலி வேறு. வலது பொத்தான் முன்போலவே மெல்ல அமுங்குகிறது. இடது பொத்தான் "டக்" என்று கணீரென ஒலித்து, அமைதியான அறையில் கணக்குப்பிள்ளையைத் தலைநிமிர்ந்து பார்க்க வைக்கிறது.

அந்தப் பெண்ணிடம் மறுநாள் சொன்னேன்: "இத வாங்காதேம்மா. உனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆபீஸ்லதான் வேலை. வயர் வெச்ச, கை நிறையப் பிடிக்கிற மவுஸ் ஒண்ணு வாங்கிக்கோ. எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு ஃபோல்டர் மேல நிதானமா ஐம்பது தடவை அழுத்திப் பாரு. ஒரு தடவை தொறந்தாலும் திருப்பிக் கொடுத்துடு." புதிய மவுஸில் அந்தச் சோதனை பெரும்பாலும் தேறிவிடும், கோளாறு பின்னால்தான் வரும் என்பது எனக்கும் தெரியும். "அப்ப நீங்க ஏன் சார் காசு போட்டு ரிப்பேர் பண்ணீங்க?" என்றார். டோக்கன், பென் டிரைவ், இரண்டே துளைகள் என்று மேலே எழுதியதையெல்லாம் ஒருமுறை சொன்னேன். அவர் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

பழுது பார்த்தவர் ஜோடியாகத்தான் சுவிட்சு வாங்குவாராம். மிஞ்சிய ஒன்றைக் காகிதத்தில் மடித்து, "ரைட் சைடுக்கு வேண்டியிருக்கும், வச்சுக்கோங்க சார்" என்று கொடுத்தார். அது இப்போது என் மடிக்கணினிப் பையின் சின்ன ஜிப் அறையில், டோக்கனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.