ரெண்டரை வருஷம், 24,000 கிலோமீட்டர்: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப்போறவங்க முதல்ல பிளக் பாயிண்ட்டைப் பாருங்க

2023 மே கடைசி வாரம் வண்டி எடுத்தேன். ஷோரூம்ல அவ்ளோ கூட்டம், ஏன்னா ஜூன் 1ல இருந்து ஃபேம் 2ன்னு மத்திய அரசு எலக்ட்ரிக் வண்டிக்கு குடுத்த மானியத்தை குறைக்கிறாங்க, அதுவரைக்கும் பேட்டரில ஒரு கிலோவாட் அவருக்கு (அதாவது ஒரு யூனிட் கரண்ட் புடிக்கிற அளவுக்கு) 15,000 ரூபா, அப்புறம் 10,000தான், அதுவும் வண்டி விலையில 15 சதவீதத்துக்கு மேல கிடையாது. என்னோடது 3 கிலோவாட் அவர், 45,000 கழிஞ்சுது, ரோடு டாக்ஸும் இல்ல. அதுக்கப்புறம் வந்த பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டத்துல கிலோவாட் அவருக்கு 2024ல 5,000 குடுத்து, 2025ல 2,500 ஆக்குனாங்க.

ஓட்டுறதுக்கு அருமையான வண்டி, அதுல மாத்துக் கருத்தே இல்ல. புதுசுல ஃபுல் சார்ஜுக்கு 90 போச்சு, இப்ப 80. 11,000 கிலோமீட்டர்ல ஒரு நாள் பாலத்து மேல அப்படியே ஆஃப் ஆகி நின்னுருச்சு, பேட்டரி கண்ட்ரோல் போர்டு கோளாறுன்னாங்க, பார்ட்ஸ் வர ஒம்பது நாள் ஆச்சு, அந்த ஒம்பது நாளும் பஸ்தான். காசு வாங்கல, வாரண்டி. ஆனா பக்கத்து மெக்கானிக் கிட்ட தள்ளிட்டுப் போயி சரி பண்ற வண்டி இல்ல இது, அத மனசுல வச்சுக்கங்க.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். முதல் நாலு மாசம் ஹால்ல இருக்குற பழைய 5 ஆம்ப்ஸ் பிளக்லயே சொருகிட்டு இருந்தேன், ஒரு நாள் காலைல கழட்டுறேன், பின்னு கையில சுடுது, சாக்கெட் ஓட்டையை சுத்தி பழுப்பா உருகியிருக்கு. அஞ்சு மணி நேரம் விடாம லோடு இழுத்தா லூசான சாக்கெட் தாங்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மெயின் பாக்ஸ்ல இருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. (லோடு மீறுனா தானா கட் ஆகுற சுவிட்ச்), எர்த் செக் பண்ணி 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் போட்டேன், அதுக்கப்புறம் ஒரு பிரச்சனையும் வரல. தயவு செஞ்சு வண்டி வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இத பண்ணிடுங்க.

சாயங்காலம் ஏழு மணிக்கு தெரு முழுக்க ஏசி, மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி சார்ஜர் கட் ஆயிடும். டைமர் போட்டு பதினோரு மணிக்கு மேல மாத்துனேன், ஒரே சீரா ஏறுது. வெயில் காலத்துல வந்த சூட்டோட சார்ஜ் போடாம இருக்கவும் இதுவே வசதி.

கரண்ட் பில்லு கணக்கு நிறைய பேர் தப்பா போடுறாங்க. ரெண்டு மாசத்துக்கு 1,500 கிலோமீட்டர், 60 யூனிட் கிட்ட. எங்க வீடு 460ல இருந்துச்சு, 520 ஆயிருச்சு. 2025ல தமிழ்நாட்டுல 500 தாண்டுனா 600 வரைக்கும் யூனிட் 8 ரூபா 55 காசு, கூடவே கீழ் ஸ்லாப்ல, அதாவது முதல் யூனிட்டுகளுக்கு, கிடைச்ச விலைச் சலுகையும் போயிரும்னு இருந்துச்சு, அதனால பில்லு 700 ரூபா கிட்ட ஏறுச்சு. அப்படிப் பாத்தாலும் பழைய பைக்குக்கு இதே தூரத்துக்கு பெட்ரோல் மட்டும் 3,400 ஆகும்.

எனக்கு ஆத்தாமையா இருக்குறது வாடகை வீட்டுக்காரங்களை நெனைச்சுதான். என் கூட வேலை பாக்குற தம்பி ரெண்டாவது மாடில இருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை பால்கனி வழியா கீழ இறக்கி சார்ஜ் போடுறான், மழை வந்தா ஓடிப்போயி சுருட்டணும். மானியத்தை வண்டி விலையில கழிக்கிறத விட, இந்த மாதிரி வீடுகளுக்கு கீழ ஒரு பாயிண்ட்டும், அதுக்கு மட்டும் தனியா யூனிட் காட்டுற சப் மீட்டரும் போட காசு குடுத்தா எவ்ளோ பேர் தைரியமா மாறுவாங்க. போன மாசம் நானும் அவனும் போயி ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட என் வீட்டு பாயிண்ட்டை போட்டோ காட்டிப் பேசுனோம், மீட்டர் செலவு உங்களோடதுன்னா போட்டுக்கங்க தம்பின்னு சொல்லிட்டாங்க, இந்த ஞாயித்துக்கிழமை எலக்ட்ரீசியன் வரார்.