லேட்டா, டிலேயா, லேச்சஸா?

தாமதத்துக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு, ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. ரயிலிலிருந்தே தொடங்கலாம். சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் போகும் ஸ்லோ லோக்கல் எல்லா நிலையத்திலும் நிற்கும். அட்டவணைப்படி வந்து சேர்ந்தால் அது லேட் இல்லை. செங்கல்பட்டு ஃபாஸ்ட் வண்டி 10 நிமிடம் பிந்தினால், ஃபாஸ்ட்தான், ஆனால் லேட். இதில் யாருக்கும் பெரிய குழப்பம் வராது.

குழப்பம் டிலேயில்தான். 2007-இல் வேளச்சேரிக்கு வந்துவிட்ட பறக்கும் ரயில், அடுத்து சுமார் 5 கி.மீ. தள்ளியிருக்கும் பரங்கிமலைக்குப் போக முடியாமல் நிலப் பிரச்சினையில் வருடக்கணக்கில் சிக்கியது. அது டிலே. போஸ்ட்போன் என்றால் தப்பு. 'பிறகு வைத்துக்கொள்ளலாம்' என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லையே! போஸ்ட்போனில் ஒரு முடிவு உண்டு, பெரும்பாலும் புதுத் தேதியும் உண்டு. டெஃபரும் (defer) தள்ளிவைக்கும் முடிவுதான். கொஞ்சம் அதிகார வாடை கூடுதல், தேதி சொல்லாமலே தள்ளிவிடலாம். (தேதியை முன்னுக்குக் கொண்டுவரும் ப்ரீபோன் நம் நாட்டுச் சரக்கு. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதும்போது மட்டும் தவிர்த்தால் போதும்.)

ஓ.எம்.ஆர். அலுவலக மெயில்களில் 'சாரி ஃபார் த டிலே' இல்லாத நாளே கிடையாது. யார் தாமதித்தார் என்பது அதில் வராது. 'ஐ ஆம் லேட்' என்றால் ஆள் மாட்டிக்கொள்வார். டிலேக்கு இவ்வளவு மவுசு அதனால்தான் என்பது என் சந்தேகம்.

அந்தச் சலுகை உயர் நீதிமன்றத்தில் செல்லாது. கெடு தாண்டி அப்பீல் போனால், 1963-ஆம் வருட லிமிடேஷன் சட்டம் 5-ஆம் பிரிவின் கீழ் 'கண்டோன் டிலே' மனு, அதாவது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போட்டு, போதுமான காரணம் காட்ட வேண்டும். சட்டம் கெடு எதுவும் விதிக்காத ரிட் மனுவிலும் எதிர்த்தரப்பு 'லேச்சஸ்' என்று கிளப்பலாம். உரிமை இருந்தும் இத்தனை காலம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்பது அதன் பொருள். டிலேயில் நாட்களை எண்ணுவார்கள். லேச்சஸில் ஆளின் நடத்தையைப் பார்ப்பார்கள்.

ப்ரோகிராஸ்டினேட்டில் (procrastinate) பழியை வெளியே தள்ள வழியே இல்லை. லத்தீனில் 'கிராஸ்' என்றால் நாளை. செய்யாவிட்டால் கெடுதல் என்று தெரிந்தே நாளைக்குத் தள்ளுவது. டாடில் (dawdle) செய்கிறவர் அவ்வளவு மோசமில்லை, வேலையைத் தொடங்கிவிட்டார், ஆனால் ஆடி அசைந்து செய்கிறார். லிங்கர்தான் இந்தக் கூட்டத்தில் இனிமையானது. டிசம்பர் கச்சேரி முடிந்தும் கிளம்ப மனமில்லாமல் சபா கேன்டீனில் நிற்பது லிங்கர். அதையே இரவு 12 மணிக்குத் தெருமுனையில் செய்தால், ரோந்து போலீஸுக்கு அது லாய்ட்டர் (loiter), அதாவது காரணமில்லாமல் சுற்றி நிற்பது.