வருகைப் பதிவு ஆப்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

14 பேர் இருக்கும் ஷிஃப்ட் குழுவுக்கு நான் பொறுப்பாளர். அதில் ஒருவர் அடிக்கடி தாமதம், சில நாள் சொல்லாமலே லீவு. வேலை தெரிந்தவர், நல்ல மனிதர், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்பதும் எனக்குத் தெரியும், அதனால் ஒவ்வொரு முறையும் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவேன். அப்படி இருந்தபோதுதான் இந்த ஆப்பை வாங்கினோம்.

இதில் எனக்கு ரொம்ப உதவியது, யாருக்குப் பதிலாக யார் வந்தார்கள் என்று காட்டும் பட்டியல். முதல் மூன்று மாதத்தில் அவருக்காக மற்றவர்கள் பார்த்த ஷிஃப்ட் 19, அதில் 13 ஒரே பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. அவர் ஒருநாளும் வாய் திறந்து புகார் சொன்னதில்லை. நான் ஒருவருக்கு இரக்கப்பட, இன்னொருவர் சுமந்திருக்கிறார் என்பது அந்தப் பட்டியலைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் அந்தத் தாமதக்காரரை உட்காரவைத்துப் பேசினேன். தேதிகள் கையில் இருந்ததால் "எப்பவுமே லேட்" என்கிற சண்டையாகப் போகவில்லை. விசாரித்தால், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் நாள் செவ்வாயும் வெள்ளியும், முன்பே தெரிந்த நாட்கள்தான். அந்த இரண்டு நாளும் மாலை ஷிஃப்டுக்கு மாற்றினோம். மற்ற நாளில் வர முடியாவிட்டால் இரண்டு மணி நேரம் முன்பே போன் செய்ய வேண்டும், இல்லையென்றால் எழுத்தில் எச்சரிக்கை என்று இருவரும் பேசி, ஆப்பிலேயே குறித்து வைத்தோம். அடுத்த மூன்று மாதத்தில் சொல்லாமல் நின்றது ஒரே ஒரு முறை. அதற்கு எச்சரிக்கை கொடுத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொடுத்தேன்.

ஆப்பின் பெரிய குறை, லீவை வைத்து ஒவ்வொருவருக்கும் அது போடும் பிராட்ஃபோர்ட் மதிப்பெண்; கூடினால் மோசம். 52 வாரத்தில் எத்தனை தடவை லீவு என்பதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மொத்த லீவு நாட்களால் பெருக்குகிறார்கள். பத்து நாள் தொடர்ந்து படுத்திருந்தால் 10, தனித்தனியாகப் பத்து நாள் வராவிட்டால் 1000. ஒருநாள் லீவுகள் அடிக்கடி வந்தால்தான் வேலை அதிகம் குலையும் என்ற எண்ணத்தில் வந்த கணக்கு, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, ஆனால் டயாலிசிஸுக்குப் போகிறவரையும் ஒற்றைத் தலைவலியோடு போராடுகிறவரையும் பொறுப்பில்லாதவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. மதிப்பெண் எல்லை தாண்டினால் என்னைக் கேட்காமலே எச்சரிக்கை மெயில் வேறு போகிறது. கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போய்வந்த ஒருவருக்கு அப்படிப் போய், நான் நேரில் மன்னிப்புக் கேட்டேன். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக செட்டிங்ஸில் அதை நிறுத்திவிடுங்கள்.

லீவுக்கான காரணம் குழுவில் எல்லோருக்கும் தெரிகிறது, மறைக்க வழியில்லை, இதுவும் தப்பு. இரண்டு தடவை எழுதிக் கேட்டிருக்கிறேன். இப்போதைக்கு என் குழுவிடம் அந்தக் கட்டத்தில் 'சொந்த வேலை' என்று மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன், மீதியை என்னிடம் நேரில் சொன்னால் போதும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.