வென்வ் போதுமா, காண்டா வேண்டுமா?

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஒவ்வொரு பைத்தான் புராஜெக்ட்டுக்கும், அதன் நூலகங்கள் மற்றவற்றோடு கலக்காமல் இருக்க, தனிச் சூழல் வேண்டும், சரி. வென்வ், காண்டா என்ற இரண்டு கருவிகளில் எதில் உருவாக்குவதுங்கண்ணா?"

வென்வ், 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ்களில் மட்டும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். டெர்மினலில் ஒரு வரி அடித்தால் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். இணையதளம் உருவாக்க உதவும் ஜாங்கோ, ஃபிளாஸ்க் பழக இதுவே தாராளம்.

ஆனால் தம்பியின் வேலை வேறு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பரப்பைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அளக்க வேண்டும். அதற்கு, அத்தகைய படங்களைப் படித்துக் கையாளும் ஜிடால் (GDAL) தேவை. அதன் அடிப்படை, சி++ மொழியில் எழுதிய நூலகம். பைத்தானின் வழக்கமான நிறுவல் கருவியான பிப் வழியாகப் போனால் பொருந்தும் ஜிடால் நூலகம் கணினியில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். புதியவர்கள் மனம் விட்டுப்போவது இங்கேதான். காண்டா அந்த நூலகத்தையும் சேர்த்தே இறக்கித் தருகிறது. சூழலுக்குச் சூழல் பைத்தான் பதிப்பையும் மாற்றலாம். வென்வ்வில் எந்தப் பைத்தானால் உருவாக்கினோமோ, அதுதான்.

காண்டா இடம் அதிகம் பிடிக்கும். அதனால் ஏராளமான நூலகங்களோடு வரும் முழு அனகோண்டா வேண்டாம், காண்டாவை மட்டும் தரும் சிறிய மினிஃபோர்ஜ் போதும். தம்பிக்கு அதைத்தான் சொன்னேன். காண்டாவில் கிடைப்பதை முதலில் நிறுவிவிட்டு, விடுபட்டதை மட்டும் அப்புறம் பிப்பில் போடுங்கள்.