நெல் வயல்: தேங்கு நீரா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

எந்நேரமும் 5 செ.மீ. நீர் நின்றால் களை குறையும், கண்காணிப்பும் எளிது. உவர் மண்ணுக்கு இதுவே நல்லது. ஆனால் மோட்டார் ஓயாது. காற்றுப் புகாத மண்ணில், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் பெருகும். தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசம்தான், நிலத்தடி நீர் அப்படியல்லவே!

வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு 30 செ.மீ. நீளப் பிவிசி குழாய் போதும். கீழ் 15 செ.மீ.க்குத் துளையிட்டு, அந்தப் பகுதியை மண்ணில் புதைத்து, குழாய்க்குள் இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தெரியும் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. பாய்ச்சுங்கள். 30 விழுக்காடு வரை நீர் மிச்சமாகும், டீசல் செலவும் இறங்கும். நட்ட முதல் இரு வாரம் காயவிட்டால் களை மண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவே கூடாது, பதர் கூடும். மேடுபள்ள வயலில் குழாய் காட்டும் அளவை நம்ப முடியாது, முதலில் சமன்படுத்துங்கள்.