அத்தையின் முதுகெலும்பும் நான்கு ஓ.பி. வரிசைகளும்

இம்முறை ஊருக்குப் போனபோது கல்யாணம், குலதெய்வக் கோயில், பத்திரப்பதிவு எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. எழுதத் தோன்றுவது திருச்சியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் அத்தையுடன் கழிந்த ஒரு பகலைப் பற்றித்தான்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சில ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அத்தை. இரவில் படுத்தால் நடுமுதுகில் வலி கூடுவதாகவும், நடக்கும்போது கால் துவள்வதாகவும் சொன்னார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மார்புப் பகுதி முள்ளெலும்பு ஒன்றைப் புற்று அரித்திருப்பதும், அது அமுங்கித் தண்டுவடத்தை நெருக்கத் தொடங்கியிருப்பதும் தெரிந்தன. போன அன்றே ஸ்கேன் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அலைச்சல் அதன் பிறகு தொடங்கியது. கீமோ கொடுத்த மருத்துவர் எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். எலும்பு டாக்டர், கரண்ட் வைக்கிற கதிர்வீச்சுத் துறைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அங்கே போனால், ஆபரேஷன் தேவையா என்று நியூரோவில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். நியூரோவிலோ, நோய் உடம்பில் வேறு எங்கெல்லாம் பரவியிருக்கிறது, உடம்பு அறுவையைத் தாங்குமா என்பதைக் கீமோ மருத்துவர் சொன்னால்தான் முடிவெடுக்க முடியும் என்றார்கள். நால்வர் கேட்டதும் நியாயமான கேள்விகளே. ஆனால் ஒருவர் கேள்வியை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்கும் வேலை, ஃபிலிம் கவரும் டோக்கனுமாக நின்ற எங்கள் தலையில் விழுந்தது.

இதற்கிடையே வார்டுபாய் வந்து, அத்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வீல்சேரில் உட்கார வைக்கப் போனார். "தம்பி, தூக்காதீங்க, ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்க" என்றேன். "ஓ.பி.க்கு வீல்சேர்தான் சார் குடுப்பாங்க" என்றார் அவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த முதுகெலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்குமா, தாங்காதா என்று அதுவரை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லையே!

நான் இங்கிலாந்தில், லீட்ஸில், பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். அங்கே 2008-இல் வெளியாகி 2023-இல் புதுப்பிக்கப்பட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, புற்று பரவித் தண்டுவடம் நெருக்கப்படும் நோயாளிகளுக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனால், அறுவை மருத்துவரையும் கதிர்வீச்சு மருத்துவரையும் அவரே பேச வைப்பார். கால் பலவீனம் போன்ற அறிகுறி இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது: சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார், கால் முழுதாக விழுந்தபின் மீள்வது கடினம். அமெரிக்காவில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதமும், முதலில் அறுவையும் பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதமும் சிகிச்சைக்குப்பின் நடந்தார்கள். ஆனால் அந்த அறுவை யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரு துறை மட்டும் சொல்லிவிட முடியாது.

முன்பெல்லாம் எங்கள் தெரு டாக்டரே ஒரு சீட்டு எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோனும் போட்டுச் சொல்லிவிடுவார். அந்த வழக்கம் போய், வெறும் வரிசை மட்டும் மிஞ்சிவிட்டதே என்று ஆற்றாமையாக இருந்தது.

மாலையில்தான் நிலைமை மாறியது. கதிர்வீச்சுத் துறையின் இளம் மருத்துவர் ஒருவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் ஃபோனை எடுத்து மற்ற மூவரையும் தம் அறைக்கே வரவழைத்தார். முள்ளெலும்பின் உறுதியை அளக்கும் 'சின்ஸ்' மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தார்கள்: 18-க்கு 10. பதின்மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நிலையற்றது என்பார்கள், இது நடுத்தரம். ஈரலிலும் நோய் இருந்தது, காலில் பலம் மிச்சமிருந்தது. எனவே இப்போதைக்கு அறுவை வேண்டாம், உடனே தண்டுவட வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து, அன்றிரவே கதிர்வீச்சு, எழுந்து உட்கார முதுகைத் தாங்கும் பிரேஸ், பலவீனம் கூடினால் மறுபடி அறுவை மருத்துவர் பார்ப்பது என்று அரை மணி நேரத்துக்குள் முடிவானது. காலையிலிருந்து கிடைக்காத பதில், நால்வரும் ஒன்றாக அதே ஃபிலிமைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது.

நான் கிளம்பும்போது அத்தை வாக்கர் பிடித்துக் கொல்லைப்புறம் வரை நடந்தார். அந்த மருத்துவர் இதைச் செய்தது தம் சொந்த அக்கறையால். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வருகிறவருக்கு அதே நான்கு வரிசைகள்தான். இந்த நோயாளிகளுக்கென ஒரு செவிலியரையும் ஒரு கைபேசி எண்ணையும் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. அடுத்த மாதம் அத்தையை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகும் என் தம்பி நேரில் கேட்டுவருவான்.