ஞாயிற்றுக்கிழமை பியரும் போனில் கட்டிய தீர்வையும்

ஒஸ்லோவில் அக்கா வீட்டில் இரண்டரை மாதம் நின்றுவிட்டுப் போன கிழமைதான் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தேன். வந்த நாளில் இருந்து கூட்டாளிமார் கேட்பது இரண்டே விசயம், பனி எப்படி, பியர் எப்படி. பனி குளிர், அவ்வளவுதான். பியரைப் பற்றி, அதிலும் அதை ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவந்து தீர்வை கட்டியதைப் பற்றி எழுதவேண்டும் என்று அங்கே இருக்கும்போதே நினைத்தேன், ஏனென்றால் நோர்வே சுங்கத்தின் செயலியைப் போல ஒன்றை நான் இதுவரை பாவித்ததில்லை. செயலிக்கு 5க்கு 4½ கொடுப்பேன். பியருக்கு 1½, அதுவும் குளிராக இருந்ததற்காக.

ஏன் போனோம் என்று முதலில் சொல்கிறேன். நோர்வேயில் மதுவுக்குப் போடுகிற வரி பயங்கரம். 4.7 வீதம் வரைக்குமான பியர் சுப்பர்மார்க்கெற்றில் கிடைக்கும், ஆனால் கிழமை நாளில் இரவு 8 மணி, சனிக்கிழமை மாலை 6 மணி, அதற்குப் பிறகு காசாளரிடம் கெஞ்சினாலும் விற்கமாட்டார். அதைவிடக் கடுமையானது வேண்டுமென்றால் 'வின்மொனோபொலே' என்கிற அரசாங்கக் கடைக்குத்தான் போகவேண்டும். ஞாயிறு இரண்டும் இல்லை. எங்களுக்கு மதுக்கடை பூட்டுகிற போயா, அதாவது பௌர்ணமி நாள், மாதத்துக்கு ஒருமுறை, அவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை. ஆகவே சனம் காரை எடுத்துக்கொண்டு சுவீடனுக்குப் போய்ப் பியர், கோழி, சீஸ், பிள்ளைகளுக்கு இனிப்பு என்று டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு வரும். அக்காவுக்குச் சனிக்கிழமை வேலை, அதனால் நாங்கள் ஞாயிறு போனோம். இதுதான் பிழை, கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

ஒஸ்லோவில் இருந்து எல்லைக்கு நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஸ்வினெசுண்ட் என்ற இடத்தில் ஒடுங்கிய கடல்நீருக்கு மேலால் பாலம், இந்தப் பக்கம் நோர்வே, அந்தப் பக்கம் சுவீடன். 1946இல் திறந்த பழைய பாலம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, 2005இல் திறந்த புதியதில்தான் பெருந்தெரு ஓடுகிறது. எனக்கு உடனே எங்கள் ஊர்க் கல்லடிதான் ஞாபகம் வந்தது, பழைய லேடி மெனிங் பாலமும் 2013இல் திறந்த புதுப்பாலமும், அடியில் மீன் பாடும் என்று சொல்கிற வாவியும். அத்தானிடம் சொன்னேன். "அப்ப கண்ணாடியை இறக்கிப்போட்டுக் கேள், கீழ மீன் பாடுதா எண்டு" என்றார்.

அந்தப் பக்கம் போனதும் பெரிய கடைத்தொகுதி, கார் நிறுத்த இடமில்லை, எல்லாம் நோர்வே இலக்கத்தகடுகள். நேரே மதுக்கடைக்குப் போனால் கதவு பூட்டு. சுவீடனிலும் 3.5 வீதத்துக்கு மேலே உள்ள பியர், வைன், சாராயம் எல்லாம் 'சிஸ்டெம்பொலாகெட்' என்கிற அரசாங்கக் கடையில் மட்டும்தான், அது சனிக்கிழமை பகல் 3 மணிக்கே மூடி ஞாயிறு முழுக்க லீவு. பத்தொன்பது வருசமாக அங்கே இருக்கிற மனிசனுக்கு இது தெரியாதா என்று நான் அத்தானைப் பார்க்க, அவர் கதவில் ஒட்டியிருந்த நேர அட்டையை ஏதோ பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அத்தான் போவது கோழிக்கும் சீஸுக்கும்தான், அவருக்கு இந்த நேரகாலம் தேவைப்படவே இல்லையாம்.

மிஞ்சியது சுப்பர்மார்க்கெற். அங்கே ஞாயிறும் பியர் உண்டு, ஆனால் 3.5 வீதம்தான். 'ஃபோல்க்கோல்' என்று அதற்குப் பெயர், மக்கள் பியர். இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு காரைத் திருப்புவதா என்ற ரோசத்தில் 330 மில்லிலீட்டர் ரின் 24 அடங்கிய பெட்டி மூன்று தூக்கினோம். மூன்று ஏன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

சரி, செயலிக்கு வருகிறேன். கோட்டா இப்படி: சாராயமும் வைனும் ஒன்றுமே கொண்டுவராவிட்டால் ஆளுக்கு 5 லீட்டர் பியர் தீர்வை இல்லாமல் வரலாம். நாங்கள் மூன்று பேர், 15 லீட்டர். எங்களிடம் இருந்தது 72 ரின், அதாவது 23.76 லீட்டர். எட்டே முக்கால் லீட்டர் கூட. அதற்கு மேல் ஆளுக்கு 27 லீட்டர் வரை வைனோ பியரோ எளிமையான தீர்வை கட்டிக் கொண்டுவரலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதைக் கட்டத்தான் செயலி. 'க்வோட்டெ ஆப்' என்று பெயர், ஆங்கிலத்திலும் இருக்கிறது. கடைத்தொகுதிக் கார்ப் பார்க்கில், கோழியின் குளிர் மடிக்குள் ஏற ஏற, நான்தான் பின்சீற்றில் இருந்து தட்டினேன். எத்தனை பேர், என்ன சாமான், எத்தனை லீட்டர் என்று போட்டால் கோட்டாவைக் கழித்துவிட்டுத் தீர்வை எவ்வளவு என்று அதுவே கணக்குப் பார்க்கிறது. அத்தானின் கார்டில் கழிந்தது ஒஸ்லோவில் ஒரு ஆள் ஒரு பர்கரும் கோலாவும் சாப்பிடுகிற காசு. ரசீது போனுக்குள் வந்துவிட்டது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிசம், அதிலும் இரண்டு நிமிசம் அத்தான் கார்டைத் தேடிய நேரம்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கட்டி முடித்துவிட்டால் சிவப்பு வழியில் போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை, சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியாலேயே போகலாம். ஒரே ஒரு விசயம், எல்லையைத் தாண்ட முதல் கட்டிவிட வேண்டும். பச்சை வழியால் போன பிறகு, ஐயோ மறந்துவிட்டேன் என்று போனை எடுத்தால் அது கடத்தல். என் போனில் 6 வீதம் சார்ஜ் மட்டும் இருந்தது, அரைப் புள்ளியைக் குறைத்தது அதற்காக. ரசீதும் போனுக்குள், போனும் சாகப்போகிறது என்றால் நெஞ்சு இடிக்கத்தானே செய்யும்.

இடித்ததற்கு ஏற்ற மாதிரி மறித்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி, இளம்பிள்ளை, கையைக் காட்டி ஓரமாக எடுக்கச் சொன்னா. எனக்குக் கை வேர்த்துவிட்டது. கட்டவேண்டிய காசைக் கட்டிவிட்டு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் வேர்க்கவேண்டும் என்று கேட்டால், யுத்த காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்தபோது சோதனைச்சாவடியில் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கைகட்டி நின்ற பழக்கம், வேறொன்றும் இல்லை. சீருடையும் பையும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் உடம்பு தன்பாட்டில் அந்த வேலையைச் செய்கிறது. அந்தப் பிள்ளை போனைப் பார்த்தா, டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பெட்டிகளை விரலால் எண்ணினா, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு பெட்டியில் இருந்த 3.5ஐப் பார்த்துவிட்டு நோர்வேஜிய மொழியில் என்னமோ சொல்ல அக்காவும் அத்தானும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஞாயிற்றுக்கிழமை வந்தீங்களா" என்று கேட்டாவாம்.

அந்த 72இல் ஆறை ஊருக்குக் கொண்டுவந்தேன். கைப்பையில் விடமாட்டார்கள், சூட்கேசில்தான், ஒவ்வொரு ரின்னையும் ஒவ்வொரு காலுறைக்குள் விட்டு, ஜீன்ஸால் சுற்றி. கட்டுநாயக்காவில் வெளியே வருகிற இடத்தில் தீர்வையற்ற கடைகளில் சனம் வோஷிங்மெசினும் டீவியும் பேரம்பேசிக்கொண்டிருக்க, என் சூட்கேசை ஒருவர் திறக்கச் சொன்னார். காலுறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மே பியர்த?" என்றார் சிங்களத்தில், இது பியரா என்று. ஓம் என்றேன். "மெஹே லயன் நெத்த?" இங்கே நம்முடைய லயன் பியர் இல்லையா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு ரின் நசுங்கிக் கசிந்து, அக்கா அம்மாவுக்குத் தந்துவிட்ட கம்பளிச்சட்டை முழுக்கப் புளித்த வாசம். ஐந்து மிஞ்சியது.

வந்து மூன்றாம் நாள் போயா. ஊரில் பார் எல்லாம் பூட்டு, ஆகவே என்னிடம் பியர் இருக்கிறது என்ற செய்தி கல்லடி முழுக்கப் பரவ அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. மாமரத்தடியில் நாலு பேர், அம்மா பொரித்துத் தந்த றால், நடுவில் ஐந்து ரின். இவர்கள் குடித்துப் பழகியது 8.8 வீத லயன் ஸ்ட்ரோங், குறைந்தது 4.8 வீத லாகர். முதல் மிடறு குடித்தவன் ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "மச்சான், இதுக்கு நீ வரி வேற கட்டினியா?" என்றான். அடுத்தவன் மரியாதைக்காக "நல்ல இதமா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஐஸ் கேட்டான், பியருக்கு ஐஸ். உண்மையைச் சொன்னால் மணம் கொஞ்சம் இருக்கிறது, கசப்புக் கிட்டத்தட்ட இல்லை, நுரை வந்த வேகத்தில் போய்விடும், மத்தியான வெயிலுக்குச் சோடாவை விடத் திறம். றால் தட்டோடு வந்த அம்மா, "என்ன மனே, இவ்வளவு தூரத்தில இருந்து தண்ணியையா தூக்கிட்டு வந்த?" என்று கேட்டுவிட்டுப் போனா, அதற்குப் பிறகு விமர்சனம் என்று நான் தனியாக எழுத என்ன இருக்கிறது.

நோர்வே, சுவீடன் பக்கம் போகிறவர்கள் இருந்தால் செயலியைப் போக முதலே இறக்கி வையுங்கள், போனைச் சார்ஜ் பண்ணுங்கள், சனிக்கிழமை பகல் 3 மணிக்கு முந்திக் கடைக்குள் நில்லுங்கள். ஆளுக்கு 5 லீட்டரோடு நின்றால் கட்டவும் தேவையில்லை.

ஒவ்வொரு ரின்னிலும் 'பாண்ட்' என்று அடித்திருக்கிறது. சுவீடனில் வெறும் ரின்னை மெசினில் போட்டால் வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய காசு திரும்பி வரும், நோர்வே மெசின்கூட இதற்குக் காசு தராது. இங்கே பழைய இரும்பு வாங்குகிறவர் நேற்று சைக்கிளில் வந்தபோது ஐந்தையும் எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி நிறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இன்னும் கொஞ்சம் குடிச்சிட்டுக் கூப்பிடுங்க தம்பி."